துரு பிடித்த பிடி

ஜாக்கி ஏற்றியாகிவிட்டது. நட்டுகள் எல்லாம் கழன்று கைக்கு வந்துவிட்டன. சக்கரம் மட்டும் வரவில்லை. பஞ்சர் ஆன வண்டிக்காரருக்கு முதலில் வரும் சந்தேகம், கண்ணில் படாமல் இன்னொரு நட்டு எங்கேயோ இருக்கிறதோ என்பது. நட்டு எதுவும் பாக்கியில்லை. சக்கரத்தைப் பிடித்துவைத்திருப்பது துரு.

குமரி மாவட்டத்தில் இந்தத் தொல்லை வளர்வதற்குத் தோதான இடம் என்றால் கீரிப்பாறையைச் சொல்லலாம். தடிக்காரன்கோணம் தாண்டி மலையடிவாரத்துக்குள் நுழைந்தால் எங்கும் ரப்பர் மரங்கள். 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் தொழிற்சாலையும் இங்கே உண்டு. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல, இந்தத் தோட்டங்களின் வேலையை நம்பி மலையோரத்தில் குடியேறின. ரப்பர் பால்வெட்டு விடியுமுன்பே தொடங்கிவிடும். வண்டிகளும் இருட்டிலேயே கிளம்பியாக வேண்டும். ஜூனில் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என்று ஆண்டுக்கு இரண்டு மழைக்காலம். நடுவில் காளிகேசம் பக்கத்து ஓடைத் தண்ணீரும் தோட்டச் சேறும் சக்கரத்தை நனைத்துக்கொண்டே இருக்கும். காட்டோரத்தில் யானை நடமாட்டமும் உண்டு. இப்படிப்பட்ட பாதையில் ஸ்டெப்னி கையில் இருந்தும் மாட்ட முடியாமல் நிற்பது சிறிய சங்கடமில்லை.

சக்கரத்தின் நடுவில் உள்ள வட்டத்துளை, சக்கரம் மாட்டப்படும் ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் வளையத்தின்மேல் கச்சிதமாக உட்காரும். இரண்டுக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான். அதில் ஈரம் புகுந்ததும் இரும்பு துருவாகிறது. துரு, தான் பிறந்த இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். இடைவெளி நிரம்பிய பிறகு அது ஆப்பு அடித்ததுபோல இரு பக்கமும் நெருக்கத் தொடங்குகிறது.

அலாய் வீல் மாட்டிய வண்டியில் கதை வேறு. அது அலுமினியக் கலவை, ஹப் இரும்பு. இரண்டு உலோகங்களும் தொட்டுக்கொண்டு நடுவில் ஈரமும் இருந்தால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகிவிடும். அரிபடுவது அலுமினியம். கழற்றிப் பார்த்தால் துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி படிந்திருக்கும். தண்ணீரில் உப்பு கலந்தால் இந்த அரிப்பு வேகம் பிடிக்கும். காலையில் கீரிப்பாறையிலும் மாலையில் கடற்கரையிலும் ஓடும் குமரி மாவட்ட வண்டிகளுக்கு மழையும் உப்புக்காற்றும் சேர்ந்தே கிடைக்கின்றன.

கழற்றும் வேலையில் முதல் பாடம், ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் எந்த உறுப்பையும் நீட்டக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல்லோ கட்டையோ கொடுக்க வேண்டும். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே அரைச் சுற்று தளர்த்திவிட்டு, அப்புறம் ஜாக்கி ஏற்ற வேண்டும். வண்டியைத் தாங்க ஸ்டாண்டும் வேண்டும். எதிரெதிரான இரண்டு நட்டுகளைச் சில மரைகள் பிடித்திருக்கும்படி விட்டுவைப்பது நல்லது. சக்கரம் திடீரென்று விடுபட்டால் மேலே வந்து விழாது.

ஹப்பும் சக்கரமும் சேரும் நடுவட்டத்தில் துரு இளக்கும் எண்ணெயைத் தெளித்துக் கால் மணி நேரமாவது ஊறவிடலாம். பிரேக் டிஸ்க்கிலோ பேடிலோ அது படக் கூடாது. பிறகு குதிகாலால் டயரின் பக்கச்சுவரை ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே என்று மாற்றி மாற்றி உதைக்க வேண்டும். சக்கரத்தைக் கால்சுற்று திருப்பி மறுபடி உதைக்க வேண்டும். பல சக்கரங்கள் இதற்கே விட்டுக்கொடுத்துவிடும். மசியாவிட்டால், ஸ்டாண்ட் உறுதியாக இருக்கும் பட்டறையில் மட்டும், உட்பக்கத்திலிருந்து டயரின்மேல் பலகை வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டலாம். இரும்புச் சுத்தியலால் ரிம்மை அடித்தால் அலாய் விரிசல் விடும். பிரேக் டிஸ்க்கை அடித்தால் அது கோணும். அந்த அதிர்ச்சி பேரிங்கையும் சும்மா விடாது. தீ காட்டுவது அதைவிட ஆபத்து. சூடேறினால் டயர் வெடிக்கலாம்.

நட்டுகளை ஒரு சுற்று தளர்த்திவைத்து, வண்டியை இறக்கி, இரண்டடி முன்னும் பின்னும் மெல்ல உருட்டிப் பிரேக் பிடிக்கும் வழக்கமும் உண்டு. வண்டியின் எடையே பிடியை உடைத்துவிடும். ‘டக்’கென்று சத்தம் கேட்கும். நட்டு ஏறும் ஸ்டட்களுக்கு இது நல்லதில்லை என்பதால் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். சரிவில் ஒருபோதும் கூடாது. கீரிப்பாறை போன்ற ஊரில் சமதளம் தேடுவதே பாதி வேலை.

பழைய வில்லிஸ் ஜீப் வைத்திருப்பவர்கள் ஸ்பேனரைத் தொடுமுன் ஸ்டட்டைப் பார்க்க வேண்டும். அதில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு மரை எதிர்த்திசையில் இருக்கும். தளர்த்துவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே போய் ஸ்டட்டை முறித்துவிடலாம்.

சக்கரம் வந்துவிட்டது என்று உடனே ஸ்டெப்னியை மாட்டிக் கிளம்பிவிடுவதுதான் அடுத்த ஆபத்தின் தொடக்கம். சக்கரத்தை ஹப்போடு பிடித்துவைப்பது நட்டுகள் தரும் அழுத்தம். ஹப்பின் முகமும் சக்கரத்தின் முகமும் ஒன்றோடொன்று இறுகி, அந்த உராய்வில்தான் பாரம் கடத்தப்படுகிறது. நடுவில் துருச் செதில் இருந்தால், மாட்டும்போது நட்டு இறுகியதுபோலத் தோன்றும். ஓட ஓடச் செதில் நொறுங்கும், இறுக்கம் குறையும், நட்டு ஆட ஆரம்பிக்கும். நேற்றுவரை கழல மறுத்த சக்கரம் ஓட்டத்தில் தானே கழல்வதற்கும் அதே துருவே காரணம் ஆகலாம்.

அதனால் இரு முகங்களையும் கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியத் தேய்க்க வேண்டும். ஹப்பின் நடு வளையத்தில் மட்டும் மெல்லிய பூச்சாகக் கிரீஸ் போதும். முகங்களிலும் மரையிலும் பூசக் கூடாது. மரையில் வழுக்கல் இருந்தால் அளவுக்கு மீறி முறுக்கிவிடுவோம். எதிரெதிர் நட்டுகளாக மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 30 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் ஏறி நின்றாலே 200ஐத் தாண்டிவிடும். காற்றுத் துப்பாக்கியால் கண்மூடித்தனமாக இறுக்கினாலும் இதே கதிதான். மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நட்டுகளைச் சரிபார்த்துவிட வேண்டும்.

சக்கரம் சிக்கிக்கொள்வதற்கான வேலை, பஞ்சர் ஆவதற்குப் பல மாதம் முன்பே, தேய்க்காமல் மாட்டிய நாளிலேயே தொடங்கிவிடுகிறது. மலையோரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் மே மாதக் கடைசியில் ஒருநாள் ஒதுக்கி நாலு சக்கரத்தையும் கழற்றித் தேய்த்து மாட்டிவிடலாம். அதே கையோடு ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, வண்டியோடு வந்த ஸ்பேனரால் உங்கள் கைபலத்தில் நட்டு கழல்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கழலவில்லை என்றால் அது வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும். பட்டறையும் பக்கத்திலேயே இருக்கும்.