தண்ணீர் பழகட்டும், மீன் காத்திருக்கட்டும்

பெங்களூரில் தனிவீடு வைத்திருப்பவர்களுக்குக் கொல்லைக் குளம் புது ஆசையாகியிருக்கிறது. ஆறடிக்கு நாலடி, இரண்டடி ஆழம். செங்கல் வைத்துச் சிமென்ட் பூசி, ஒரு வாரம் காயவிட்டு, சம்பிலிருந்து மோட்டார் போட்டு நிரப்புகிறார்கள். அன்று மாலையே பிளாஸ்டிக் பையில் இருபது தங்கமீன்கள் வந்து இறங்குகின்றன. பத்து நாள் கழித்துப் பார்த்தால் பாதி மீன்கள் மேற்பரப்பில் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும், மீதி அதற்கு முன்பே போயிருக்கும். நோய் பிடித்த மீனைக் கொடுத்துவிட்டார் என்று கடைக்காரர் மேல் கோபம் வருகிறது. அடுத்த வாரம் வேறு கடையிலிருந்து இன்னொரு இருபது. அவற்றுக்கும் அதே கதிதான், ஏனென்றால் பெரும்பாலான வீடுகளில் கோளாறு தண்ணீரில் இருக்கிறது.

தங்கமீன் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது. சீனர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குளத்தில் வளர்த்துப் பழக்கிய உயிர். அதற்கு இரைப்பை கிடையாது. போட்டதைத் தின்றுகொண்டே இருக்கும், கழித்துக்கொண்டே இருக்கும். செவுள் வழியாக அது வெளியேற்றும் அம்மோனியா அதே தண்ணீரில்தான் சேர்கிறது. பழைய குளத்தில் கல்லிலும் சுவரிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. முதல் இரண்டும் விஷம். மூன்றாவதை ஓரளவு மீன் தாங்கும், செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். புதுக் குளத்தில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. அவை பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். மீன் வளர்ப்பவர்கள் இதைச் 'சைக்கிளிங்' என்பார்கள்.

சிமென்ட் தொட்டி இந்தச் சிக்கலைப் பல மடங்காக்குகிறது. புதுச் சிமென்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் பிஎச் ஏறும். பலரும் கவனிக்காமல் விடும் இடம் இதுதான். தண்ணீரில் இருக்கும் அம்மோனியா முழுவதும் மீனைக் கொல்வதில்லை, அதில் ஒரு பகுதிக்குத்தான் கடும் விஷத்தன்மை. 25 டிகிரி வெப்பத்தில் பிஎச் 7 என்றால் அந்தப் பகுதி அரை சதவீதத்தை ஒட்டி இருக்கும். பிஎச் 8 ஆனால் ஐந்து சதவீதத்தைத் தாண்டும். 9 ஆகிவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதே எண்ணிக்கை மீன், அதே அளவு தீனி. கண்ணாடித் தொட்டியில் பிழைக்கிற மீன் புதுச் சிமென்ட் குளத்தில் சாவது இதனால்தான். நிரப்பி நாலைந்து நாள் விட்டு வடித்து, மறுபடி நிரப்பி, இப்படி மூன்று முறையாவது செய்தபின் பிஎச் பார்க்க வேண்டும். எட்டரைக்கு மேல் காட்டினால் இன்னொரு சுற்று. இவ்வளவு பொறுமை இல்லாதவர்கள் குழி வெட்டி ரப்பர் ஷீட் விரித்துவிடலாம்.

எந்தத் தண்ணீரை நிரப்புவது என்பது பெங்களூருக்கே உரிய கேள்வி. குழாயில் வரும் காவிரி ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரெகாடனஹள்ளி நீரேற்று நிலையம் வழியாக, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது. குளோரின் கலந்த தண்ணீர். மனிதனுக்குப் பாதுகாப்பான அந்தக் குளோரின் மீனின் செவுளை அரித்துவிடும், நாம் அரும்பாடுபட்டு வளர்க்கும் நுண்ணுயிரையும் அழிக்கும். மூடிய சம்பில் கிடந்தால் அது லேசில் போகாது. திறந்த டிரம்மில் ஒன்றிரண்டு நாள் வைக்க வேண்டும், அல்லது அக்வேரியம் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சேர்க்க வேண்டும். போர் தண்ணீரிலும் டேங்கர் தண்ணீரிலும் பெரும்பாலும் குளோரின் பயம் இல்லை. ஆனால் ஆயிரம் அடிக்குக் கீழிருந்து வரும் தண்ணீரில் கடினத்தன்மை அதிகம், ஆக்சிஜன் மிகக் குறைவு. ஒரு நாள் முழுக்க ஏர் பம்ப் ஓடவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

2024 மார்ச்சில் ஊரே குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. குடிநீரைத் தோட்டத்துக்கோ கார் கழுவவோ அலங்கார நீரூற்றுக்கோ பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த மாதத்தை நினைவில் வைத்திருப்பவர்கள் குளத்துக்கு மழைநீரையே நம்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆண்டுக்குச் சுமார் 970 மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர் இது. 2009 முதல் பெரிய மனைகளில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம், குழாய்கள் ஏற்கெனவே இருக்கின்றன. முதல் மழையில் கூரை அழுக்கு போகட்டும், அதன் பிறகு பிடிக்கலாம். தனி மழைநீரில் காரத்தன்மை குறைவு, பிஎச் திடீரென்று சரியும். கொஞ்சம் போர் தண்ணீரைக் கலந்தால் நிலைக்கும். ஜூனில் வேலையை ஆரம்பித்தால் சிமென்டைப் பதப்படுத்தவும் குளத்தை நிரப்பவும் வானமே தண்ணீர் கொடுத்துவிடும்.

நிரப்பியதும் மீன் வாங்கப் போக வேண்டாம். பம்ப்பையும் ஃபில்டரையும் ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி தூவினால் போதும். அது அழுகி அம்மோனியா தரும், அதைத் தின்ன நுண்ணுயிர் வரும். தெரிந்தவர் வீட்டில் ஆரோக்கியமான பழைய தொட்டி இருந்தால் அவர்களின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டை வாங்கி நம் ஃபில்டரில் போடலாம். பாலுக்கு உறை ஊற்றுவது போல வேலை சீக்கிரம் நடக்கும். சொட்டு மருந்து வடிவில் வரும் டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே முதல் மூன்று நான்கு மீன்கள். இரண்டு மூன்று மீனோடு தொடங்கி, அடிக்கடி தண்ணீர் மாற்றிச் சமாளித்துவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த மீன்கள் பட்ட பாட்டை யார் கணக்கெடுத்தார்கள்?

மேலே சொன்ன அளவுக் குளத்தில் ஏறத்தாழ 1,300 லிட்டர் பிடிக்கும். பத்து மீனுக்கு மேல் அதில் விடக் கூடாது. இன்று விரல் நீளம் இருப்பது ஓரடிவரை வளரக்கூடியது. சென்னை கொளத்தூரிலிருந்து வரும் குண்டு வயிற்று ஒராண்டாவும் கண் பிதுங்கிய வகைகளும் பார்க்க அழகுதான், ஆனால் வேகமாக நீந்தத் தெரியாதவை. பருந்தும் மடையானும் மீன்கொத்தியும் சுற்றும் நம் கொல்லையில் காமெட்டும் சாதாரணத் தங்கமீனும்தான் தாக்குப்பிடிக்கும். தீனி இரண்டு நிமிடத்தில் தீர்கிற அளவு போதும்.

பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் கரைத்து வைத்துக்கொள்ளும் ஆக்சிஜன் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு, அதே வெப்பத்தில். பாசி பிடித்த குளத்தில் விடியற்காலையில் அது இன்னும் இறங்கும். 2016 மார்ச்சில் ஹலசூரு ஏரியில் ஆயிரக்கணக்கில் மீன்கள் செத்து மிதந்ததற்கும் ஆக்சிஜன் பற்றாக்குறையே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே இரவில் ஏர் பம்ப்பை அணைக்கவே கூடாது. கரண்ட் போனாலும் ஓட பேட்டரி வேண்டும்.

இதையெல்லாம் சரியாகச் செய்தவர்களைப் பார்த்துத்தான் எனக்குப் பெரிய கவலை வருகிறது. ஆரோக்கியமான தங்கமீன் குஞ்சு பொரிக்கும். ஒரு பெண் மீன் ஒரு தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். பத்து மீன் எழுபதாகும். அப்போது நல்ல மனசோடு, 'பாவம், சுதந்திரமாக இருக்கட்டும்' என்று பக்கெட்டில் அள்ளிக்கொண்டு பக்கத்து ஏரிக்குப் போகிறார்கள். கோயில் குளத்தில் மீன் விடுவதைப் போலப் புண்ணியமாகவே நினைக்கிறார்கள். அமெரிக்காவின் மினசோட்டாவில், பர்ன்ஸ்வில் நகரத்து கெல்லர் ஏரியில் 2021-இல் கால்பந்து அளவு தங்கமீன்களைப் பிடித்தார்கள். யாரோ வீட்டிலிருந்து கொண்டுவந்து விட்டவையாக இருக்கும் என்றார்கள். அடிச்சேற்றைக் கிளறித் தண்ணீரைக் கலக்குவது இந்த மீனின் சுபாவம். சேற்றில் உறங்கும் சத்து மேலே வந்தால் பாசி பெருகும், ஏற்கெனவே மூச்சுத் திணறும் பெங்களூர் ஏரி இன்னும் திணறும். கூடவே மீன் பேனும் நங்கூரப் புழுவும் போகும். ஏரியில் கட்லாவும் ரோகுவும் வளர்த்துப் பிழைக்கும் மீனவர் குடும்பத்துக்கு அது நேரடி நஷ்டம். 'டேங்க் கிளீனர்' என்று நாம் வாங்கி வைத்த மீன் இன்று தமிழ்நாடு, கேரள, ஆந்திர நீர்நிலைகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் கண்ணாடித் தொட்டியிலிருந்து போனதுதான்.

பெங்களூர் ஏரித் தண்ணீர் ஊரோடு நிற்பதும் இல்லை. பெள்ளந்தூர் நிரம்பினால் வர்தூர், அங்கிருந்து தென்பெண்ணை, அடுத்தது ஓசூர் கெலவரப்பள்ளி அணை. மேற்குப் பக்கத்துத் தண்ணீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியாகக் காவிரிக்கே வருகிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் திமில் மஹசீருக்கு உலகத்தில் இருக்கும் ஒரே வீடு அந்தக் காவிரிப் படுகை.

அதனால் குளம் வெட்டும்போதே இதற்கும் வழி செய்ய வேண்டும். முட்டை ஒட்டிய செடிகளை எடுத்து வெயிலில் காயப்போடலாம்; மிச்சத்தைப் பெரிய மீன்களே தின்றுவிடும். மிஞ்சுகிற குஞ்சுகளைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம், குளம் வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுக்கலாம். குளத்தின் ஓவர்ஃப்ளோ குழாய் தெருக் கால்வாயில் முடிந்தால், செப்டம்பர் அக்டோபர் அடைமழையில் குஞ்சுகள் தாமாகவே ராஜகாலுவே எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயில் இறங்கிவிடும். கொசுவலைக் கண் அளவுள்ள ஸ்டீல் வலையை அந்தக் குழாயின் வாயில் இரட்டை மடிப்பாகக் கட்டி, மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இலையை எடுத்துவிட்டு, அந்தத் தண்ணீரை வாழைக்கோ ரீசார்ஜ் குழிக்கோ திருப்பிவிடுங்கள்.