அரை மில்லிமீற்றரும் எட்டுப் பாகையும்

மரவில்லின் கணக்கை எடையிலிருந்து தொடங்கலாம். 180 சென்ரிமீற்றர் நீளமும் 5 சென்ரிமீற்றர் அகலமும் 5 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள ஒரு கழியின் கனவளவு 4,500 கன சென்ரிமீற்றர். நன்கு உலர்ந்த வைரமரம் கன சென்ரிமீற்றருக்கு 0.9 கிராம் என்று கொண்டால் கழியின் எடை 4.05 கிலோகிராம். அதிலிருந்து வரும் வில்லின் கனவளவு 700 கன சென்ரிமீற்றர் அளவில் நிற்கும், எடை 0.63 கிலோகிராம். மீதி 3.42 கிலோகிராம், அதாவது 84 சதவீதம், சீவலாகத் தரையில் கிடக்கும். முதல் 3 கிலோகிராமை வாச்சி விரைவாகவே எடுத்துவிடும். கடைசி 100 கிராமை அரமும் கண்ணாடித் துண்டும் சுரண்டி எடுக்கும்போதுதான் கழி வில்லாகிறது, அல்லது விறகாகிறது.

காரணம் ஒரு மூன்றாம் அடுக்கு. வளையும் கரத்தின் விறைப்பு அகலத்தோடு நேராகவும் தடிப்பின் மும்மடிப் பெருக்கோடும் மாறும். 35 மில்லிமீற்றர் அகலத்தில் அரை மில்லிமீற்றர் குறைத்தால் விறைப்பு 1.4 சதவீதம் குறையும். அதே அரை மில்லிமீற்றரை 18 மில்லிமீற்றர் தடிப்பிலிருந்து எடுத்தால் 8.1 சதவீதம் போய்விடும். 50 இறாத்தல் இழுவையுள்ள வில் 46 இறாத்தலுக்கு இறங்கும். நுனிப் பக்கம் 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள இடத்தில் அதே சுரண்டலுக்கு 14.3 சதவீதம் இழப்பு. ஒரு கரத்தில் ஓரிடம் மட்டும் 1 மில்லிமீற்றர் மெலிந்தால் அங்கே விறைப்பு 15.8 சதவீதம் குறைந்து, வளைவு முழுவதும் அந்த இடத்துக்கே கூடிவிடும். மறு கரத்தையும் சரிக்குச் சரி மெலியவைத்து வில்லை மீட்கலாம், ஆனால் இழுவை திரும்பாது. சீவிய மரத்தை ஒட்டவைக்க வழியில்லாத தொழில் இது. பலர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

எந்த மரம் என்ற கேள்விக்கும் எண்களே விடை தருகின்றன. முறிவு வலிமையை மீள்தன்மைக் குணகத்தால் வகுத்தால், நார் எவ்வளவு நீளத் தாங்கும் என்பதற்கு ஒரு தோராய அளவு கிடைக்கும். வில்லுக்குப் பெயர்போன ஒசேஜ் ஆரஞ்சு மரத்துக்கு 129 மெகாபாஸ்கல், 11.6 கிகாபாஸ்கல்: விகிதம் 1.11 சதவீதம். பசிபிக் யூ மரத்துக்கு 105, 9.3: விகிதம் 1.13 சதவீதம். தேக்குக்கு 97, 12.3: விகிதம் 0.79 சதவீதம். 180 சென்ரிமீற்றர் வில்லை 71 சென்ரிமீற்றர் இழுக்கும்போது அது ஏறக்குறைய 1 மீற்றர் ஆரையுள்ள வட்டத்தின் துண்டாக வளைகிறது. அந்த ஆரைக்கு ஒசேஜ் 22.2 மில்லிமீற்றர் தடிப்பு வரை தாங்கும், தேக்கு 15.8 மில்லிமீற்றரில் எல்லையைத் தொடும். அகலம் ஒன்றாக இருந்தால் தேக்கு வில்லின் இழுவை ஒசேஜ் வில்லின் 38 சதவீதமே. வன்னியில் கதவுக்கும் கட்டிலுக்கும் முதலிடம் பெறும் மரம் வில்லில் பின்தங்குவது இப்படித்தான். இவை முடிச்சில்லாத சிறு மாதிரிகளில் எடுத்த ஆய்வுக்கூட எண்கள் என்பதால், உண்மையான கழிக்கு இவற்றிலிருந்து ஒரு பங்கைக் கழித்தே கணக்கிட வேண்டும்.

மரம் கிடைப்பதிலும் ஒரு வரம்பு உண்டு. இலங்கையின் வடகிழக்குக் கரையிலுள்ள கொக்கிளாய்க் களப்பு 1951 மே 18 அன்று சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பரப்பு 1,995 ஹெக்டேயர். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி சரணாலயத்தின் அரச காணியில் மரம் வெட்ட முடியாது. ஆகவே கழி சொந்த வளவிலிருந்தோ அனுமதியுள்ள மரத்திலிருந்தோதான் வரவேண்டும்.

கொக்கிளாய் போன்ற கடலோரக் கிராமத்தில் மிகப் பெரிய செலவு ஈரம். ஊர் ஒரு பக்கம் கடலையும் மறு பக்கம் களப்பையும் கொண்டது. முன்சொன்ன கழி வெட்டிய அன்று 50 சதவீத ஈரத்தோடு 5.57 கிலோகிராம் இருக்கும். 9 சதவீதத்துக்கு உலர்ந்தால் 4.05. வெளியேற வேண்டிய நீர் 1.52 கிலோகிராம், ஏறக்குறைய ஒன்றரை லீற்றர். 25 மில்லிமீற்றர் தடிப்புக்கு ஓராண்டு என்ற பழைய கைக்கணக்கின்படி 50 மில்லிமீற்றருக்கு 24 மாதம். ஆனால் அந்த 24 மாதத்தின் முடிவில் மரம் எங்கே நிற்கும் என்பதைக் காற்றே தீர்மானிக்கிறது. 27 பாகை செல்சியஸ் வெப்பத்தில் காற்றின் ஈரப்பதன் 50 சதவீதமாக இருந்தால் மரம் 9 சதவீதத்தில் நிற்கும். 70 சதவீதமாக இருந்தால் 13. 80 சதவீதமாக இருந்தால் 16. வாடைக் காலத்தில் கடலோரக் காற்று 80 சதவீதத்தைத் தொடும்போது, இரண்டு ஆண்டு நிழலில் கிடந்த கழியும் 16 சதவீதத்துக்கே திரும்புகிறது.

9 சதவீதத்துக்கும் 16 சதவீதத்துக்கும் இடையே உள்ள 7 புள்ளிகளின் விலை சிறிதல்ல. ஈரம் ஒரு புள்ளி கூடினால் விறைப்பு ஏறக்குறைய 2 சதவீதமும் முறிவு வலிமை ஏறக்குறைய 4 சதவீதமும் குறையும். ஏழு புள்ளிகளுக்கு விறைப்பில் 13 சதவீதம், வலிமையில் 25 சதவீதம். கச்சான் வீசும் ஆடி மாதத்தில் 50 இறாத்தல் இழுத்த வில் மார்கழியில் 43 இறாத்தல் இழுக்கும். அதோடு நாண் கழற்றிய பின்னும் நிமிராத வளைவு அதில் தங்கிவிடும். அந்த வளைவு பின்னர் உலர்த்தினாலும் முழுமையாகப் போவதில்லை.

இதற்கான தீர்வு வீட்டிலேயே இருக்கிறது. 27 பாகையில் 80 சதவீத ஈரப்பதன் உள்ள காற்றை, நீரைக் கூட்டாமலும் குறைக்காமலும் 35 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 51 சதவீதத்துக்கு இறங்கும். 40 பாகையில் அது 39 சதவீதம். 51 சதவீதக் காற்றில் மரம் 9 சதவீதத்தில் நிற்கும் என்பதை மேலே கண்டோம். எட்டுப் பாகை போதும். அடுப்புக்கு மேலே பரணில் வைத்த கழி அந்த எட்டுப் பாகையைச் செலவில்லாமல் பெறுகிறது. உலர்ந்ததா என்று அறியத் தனிக் கருவியும் வேண்டாம்: 16 சதவீத ஈரத்தில் 4.31 கிலோகிராம் உள்ள கழி 9 சதவீதத்தில் 4.05. வித்தியாசம் 260 கிராம். கடைத் தராசு அதைக் காட்டிவிடும். வாரம் ஒருமுறை நிறுத்துத் தாளில் குறித்து, எடை இறங்காத வாரம் வந்த பிறகே வாச்சியைத் தொட வேண்டும். இந்தத் தொழிலின் மகிழ்ச்சிகளில் நான் முதலில் வைப்பது இந்தத் தாளில் இறங்கிக்கொண்டே வரும் எடைகளைத்தான்.

பணக் கணக்கு இதைவிட எளிது. பழகிய கைக்கு ஒரு வில்லுக்கு 20 மணி நேர வேலை என்று வைத்தால், எட்டு மணி நேர நாளில் இரண்டரை நாள். இலங்கையின் தேசிய குறைந்தபட்ச நாட்கூலி 2016 இல் 400 ரூபாய், 2021 இல் 500, 2024 இல் 700, 2025 இல் 1,080. அந்த அடிமட்டக் கூலியில் ஒரு வில்லின் உழைப்புச் செலவு அதே வரிசையில் 1,000, 1,250, 1,750, 2,700 ரூபாய். பத்துக் கழிகளில் நான்கு உடைந்தால், மிஞ்சும் ஆறில் ஒவ்வொன்றும் 2025 இல் 4,500 ரூபாயைச் சுமக்கும். தச்சரின் உண்மையான கூலி இதைவிட அதிகம். 24 மாதக் காத்திருப்புக்கு இந்தக் கணக்கில் ஒரு சதமும் சேரவில்லை.

கழியின் விலை ஓர் அரசையே நெருக்கிய காலமும் உண்டு. இங்கிலாந்து 1472 இல், வந்திறங்கும் சரக்கின் ஒவ்வொரு டன்னுக்கும் நான்கு விற்கழிகளைக் கப்பல்கள் கொண்டுவர வேண்டும் என்று சட்டமிட்டது. 1483 இல் நூறு கழிகளின் விலை 2 பவுணிலிருந்து 8 பவுணுக்கு ஏறியது. 1510 இல் வெனிஸ் வணிகர் 16 பவுண் கேட்டனர். 1545 இல் மூழ்கி 1982 இல் தூக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் 137 முழு வில்கள் கிடைத்தன, நீளம் 1.87 முதல் 2.11 மீற்றர் வரை.

இலங்கையின் கணக்கு இதைவிட மிகப் பழையது. களுத்துறை மாவட்டத்தின் பாஹியன் குகையில் கிடைத்த 130 எலும்பு முனைகளைப் பற்றிய ஆய்வு 2020 இல் வெளியானது. அவற்றில் பழையவை 48,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. வில்லும் அம்பும் இங்கே அவ்வளவு காலமாகப் புழங்கின என்பது ஆய்வாளரின் முடிவு. கொக்கிளாயிலிருந்து தெற்கே ஏறக்குறைய 70 கிலோமீற்றரில் உள்ள கொட்டியாரத்தில் 1660 இல் கண்டி அரசனிடம் பிடிபட்ட ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ், 1679 இல் தப்பி 1681 இல் வெளியிட்ட நூலில் வேடரின் கொள்முதலைப் பதிவு செய்கிறார்: இரவில் கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டு, தேவையான அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையையும் வைத்துவிட்டுப் போவார்கள். மரமும் நாணும் காட்டிலிருந்து வந்தன. விலை கொடுத்து வாங்கியது இரும்பு மட்டும். நாணுக்கேற்ற மருள் நார் இன்றும் வன்னியின் வேலியோரங்களில் முளைக்கிறது.

குடிசன மதிப்பீடுகளில் வேடர் எனப் பதிவானோர் 1881 இல் ஏறக்குறைய 2,200; 1911 இல் 5,300; 1946 இல் 2,400; 1953 இல் 800. 1911 இலிருந்து 42 ஆண்டுகளில் 85 சதவீத வீழ்ச்சி. இதில் ஒரு பகுதி, மக்கள் தம்மைத் தமிழர் என்றோ சிங்களவர் என்றோ பதிந்துகொண்டதால் வந்தது. மூதூர், வெருகல், வாகரைக் கரையோர வேடர் தமிழ் பேசுகிறவர்கள். ஆனால் வில் செய்யும் கை அந்தப் பதிவு மாற்றத்தோடு தொடர்ந்து வரவில்லை. கொக்கிளாயின் இடைவெளி வேறு வகை. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணித் தமிழ் மக்கள் வெளியேற்றப்பட்டனர்; மீள்குடியேற்றம் 2011 அளவில்தான் தொடங்கியது. அன்று 20 வயதான தச்சர் திரும்பும்போது 47 வயது. இரண்டாண்டுக்கு ஒரு கழி உலரும் கணக்கில் 13 முறை மரம் உலர்ந்திருக்க வேண்டிய காலம் அது. மரவேலை தெரிந்த ஓர் ஊருக்கு இது பெரிய இழப்பு. பணத்தில் எழுத முடியாததால் அது சிறிதாகிவிடாது.

வரவுப் பக்கத்தில் இருப்பது வேகம். 50 இறாத்தல் என்பது 222 நியூட்டன். நாண் 0.56 மீற்றர் பின்வாங்கும்போது வில்லில் சேரும் சக்தி ஏறக்குறைய 62 யூல். அதில் 65 சதவீதம் அம்புக்குப் போனால் 40 யூல். 30 கிராம் அம்பு செக்கனுக்கு 52 மீற்றர் வேகத்தில் கிளம்பும். 18 மீற்றர் தூரத்தை 0.35 செக்கனில் கடக்கும். 0.63 கிலோகிராம் மரத்துக்கு இது பெருமைப்படத்தக்க எண். மிச்சம் 22 யூல் பெரும்பாலும் கரங்களை அசைப்பதிலேயே செலவாகிறது. அதைக் குறைக்க நுனியின் எடையைக் குறைக்க வேண்டும். அங்கே 20 மில்லிமீற்றர் அகலத்தை 12 ஆக்கினால் எடையும் 40 சதவீதம் குறையும், விறைப்பும் 40 சதவீதம் குறையும். அதே 40 சதவீத எடையைத் தடிப்பிலிருந்து எடுத்தால் விறைப்பில் 78 சதவீதம் போய்விடும். ஆகவே அரம் நுனியின் பக்கவாட்டில் ஓட வேண்டும். தடிப்பை விட்டுவிட வேண்டும்.