ஐந்து இருபது, பதிமூன்று

அடையாற்றில் ஒரு டயர் கடை. வாசலில் அலைன்மெண்ட் மேடை, உள்ளே ஏ.சி. அறை, மூலையில் காபி இயந்திரம். கவுண்டரில் இருந்த பையன் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு, "என்ன கார் சார்?" என்றான்.

"ஸ்டாண்டர்டு ஹெரால்டு."

விரலால் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். ஸ்கோடா இருந்தது. அடுத்த வரியிலேயே சுஸூகி வந்துவிட்டது. "ஸ்டாண்டர்டுன்னு கம்பெனியே வரலையே சார். இம்போர்ட்டடா?"

"இல்லப்பா. வண்டலூர் பக்கம் செஞ்சது."

நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பான். அவன் மேல் தப்பில்லை. வண்டலூருக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே கார் தயாரித்த அந்த ஆலை மூடியபோது அவன் பிறந்திருக்கவே மாட்டான். இன்று அந்த இடத்தில் ஐ.டி. கட்டிடங்கள் நிற்கின்றன.

ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961இல் ஹெரால்டைக் கொண்டு வந்தது. இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டுதான் அது. கோடு போட்டவர் இத்தாலிக்காரர் மிக்கலோட்டி. அதே சட்டகத்தைக் கொஞ்சம் குட்டையாக்கி, மேலே இரண்டு பேர் உட்காரும் திறந்த உடலை வைத்து 1962இல் டிரயம்ப் விட்டதுதான் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார். ஆக, நம்முடைய ஹெரால்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரின் கூடப் பிறந்த அண்ணன். முகப்பு முழுவதையும் முன்பக்கமாகக் கவிழ்த்துத் திறக்கலாம்; டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு எஞ்சினைப் பார்க்கலாம். இருபத்தைந்து அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். மயிலாப்பூர் மாட வீதியில், அறுபத்து மூவர் திருவிழாக் கூட்டம் கலைந்த மறுநாள் காலையில், வேறெந்தக் காரும் அப்படித் திரும்பி நான் பார்த்ததில்லை. எம்.ஜி.யோ ஸ்பிட்ஃபயரோ வாங்க வக்கில்லாத சென்னைப் பையன்களுக்கு ஹெரால்டுதான் ஸ்போர்ட்ஸ் கார். சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடக்கும்போது ஃபியட்டுகளோடு ஹெரால்டுகளும் உறுமிக்கொண்டு போகும்.

என்னிடம் இருப்பது சித்தப்பாவின் 1966 வண்டி. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், வேப்ப மரத்தடியில் நிற்கும். அதன் டயர் அளவை வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரியும், ராகுகாலம் தெரிவது மாதிரி. ஐந்து இருபது, பதிமூன்று. அதாவது 5.20 அங்குல அகலம், 13 அங்குல ரிம்.

அந்த நாளில் ஒரு விசித்திரம் இருந்தது. ஊருக்குத் தெற்கே கார் செய்தார்கள். வடமேற்கே அம்பத்தூரில் டன்லப் 1959இலிருந்தே டயர் செய்தது. வடக்கே திருவொற்றியூரில், 1946இல் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, 1952இல் ரீட்ரெட் ரப்பருக்கு வந்து, அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து 1961 நவம்பரில் முதல் டயரை இறக்கியது. காரும் இந்த ஊர், டயரும் இந்த ஊர். ஆனாலும் நாலு புது டயரைச் சேர்ந்தாற்போல் வாங்குவது கல்யாணத்துக்கு ஏற்பாடு செய்வது மாதிரிதான். எழுபதுகளின் தட்டுப்பாட்டில் மவுண்ட் ரோடு கடைக்காரர் முதலில் கை விரிப்பார். அப்புறம் யார் மூலம் வந்தீர்கள் என்று கேட்பார். அப்புறம் "ரெண்டுதான் தர முடியும்" என்பார். சித்தப்பா அந்த இரண்டை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று ஒரு வாரம் யோசிப்பார்.

அதனால் டயரைச் சாகவிட மாட்டார்கள். பட்டன் தேய்ந்து மொட்டையானால், மேலே புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெட்டுக்குப் போகும். ஒரு டயர் இரண்டு தடவை போய் வந்ததை நானே பார்த்திருக்கிறேன். பக்கச்சுவரில் கல் குத்திக் கிழிந்தால் உள்ளே கெய்ட்டர் வைப்பார்கள். பழைய டயரின் ஒரு துண்டை வெட்டி, ஓரத்தைச் சீவி, காயத்துக்கு உள்பக்கமாக ஒட்டுவது. வண்டி ஓடும்போது அந்த இடம் தரையில் படும் ஒவ்வொரு முறையும் ஒரு "தொப்" கேட்கும். அந்தத் தொப்பை எண்ணியே வேகம் சொல்லுவார் சித்தப்பா. கொஞ்சம் புளுகும் கலந்திருக்கும்.

இன்னொரு தொப்பும் உண்டு. நைலான் இழைகளைக் குறுக்குமறுக்காகப் போட்ட கிராஸ்பிளை டயர் இரவெல்லாம் ஒரே இடத்தில் நின்றால் தரையில் பட்ட பக்கம் தட்டையாகிவிடும். காலையில் லஸ் முனை போகும் வரைக்கும் நாலு சக்கரமும் தடக் தடக்கென்று தூக்கிப் போடும். டயர் சூடேறியதும் உருண்டையாகி அடங்கிவிடும். எங்கள் சந்தில் யார் முதலில் ஆபீஸ் கிளம்புகிறார்கள் என்பதை அந்தச் சத்தத்தை வைத்தே படுக்கையில் இருந்து சொல்லலாம்.

அன்று டயர் வாங்கியவன் கேட்ட கேள்வி ஒன்றுதான்: எத்தனை மைல் வரும்? சித்தப்பா தினமும் கிண்டிக்கு ஓட்டினார், கோடையில் கும்பகோணத்துக்கு ஓட்டினார். ரோடு டயரைத் தின்றது. தேய்வதற்கு முன்னால் டயருக்கு வயதாகி வெடித்த கதையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

இன்று என் ஹெரால்டு வருஷத்துக்கு ஐந்நூறு கிலோமீட்டர் ஓடினால் அதிகம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் சாந்தோம் வழியாக பெசன்ட் நகர். வருஷத்துக்கு ஒரு தடவை மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப்பின் பழைய கார் கண்காட்சி. ஐம்பது வயது தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிய 2021இல் வந்த மத்திய விதியில் போனால், நம்பரில் 'விஏ' எழுத்து கிடைக்கும்; ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பழுது என்று காரணம் இல்லாமல் ரோட்டில் ஓட்டக் கூடாது. நான் இன்னும் அதில் பதியவில்லை. பதிந்தாலும் டயருக்கு ஒன்றுதான். பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் செத்துவிடும். சென்னை வெயிலும் காற்றில் இருக்கும் ஓசோனும் நின்றுகொண்டிருக்கும் டயரைத்தான் முதலில் பிடிக்கின்றன. ஓடும் டயர் நெகிழ்ந்து நெகிழ்ந்து தனக்குள் இருக்கும் மெழுகை வெளியே கொண்டுவந்து தன்னைக் காத்துக்கொள்ளும். நிற்கும் டயருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன டிசம்பரில் உட்கார்ந்து பார்த்தபோது என் முன்டயர்ப் பக்கச்சுவரில், எழுத்துகளைச் சுற்றி, வறண்ட வாய்க்கால் மண் போல மெல்லிய வெடிப்புகள். நகத்தால் அழுத்தினால் உள்ளே போகவில்லை. பிளாஸ்டிக் மாதிரி இருந்தது. பட்டனோ முக்கால்வாசி பாக்கி!

ஆகவே இன்றைய கேள்வி மைல் கணக்கைப் பற்றியது அல்ல, பிறந்த தேதியைப் பற்றியது. டயரின் பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். நாலைந்து வருஷத்துக்கு முன் ஒரு கடையில் "ஆஃபர் சார்" என்று நாலு டயர் போட்டுவிட்டார்கள். பாலீஷ் போட்டுக் கன்னங்கரேலென்று மின்னின. வீட்டுக்கு வந்து துடைத்துப் பார்த்தால் இரண்டு டயருக்கு நாலு வயது. இன்னும் வேடிக்கை, தேதி இருக்கும் பக்கத்தை உள்புறமாகத் திருப்பிப் பூட்டியிருந்தார்கள். வண்டிக்கு அடியில் டார்ச்சோடு படுத்துத்தான் படித்தேன். இப்போதெல்லாம் பூட்டுவதற்கு முன்பே கையில் வாங்கிப் படித்துவிடுகிறேன்.

எந்த டயர் போடுவது என்பதில் ஆசைக்கும் பாக்கெட்டுக்கும் நடக்கும் சண்டை தனிக் கதை. பழைய ஐரோப்பிய கார்களுக்கென்றே மிஷெலின், பிரெல்லி போன்றவர்கள் அந்தக் காலத்து முகவெட்டோடு டயர் செய்கிறார்கள். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும். ஒரு டயர் நூறு பவுண்டைத் தாண்டும். (பவுண்டு. பவுன் என்று படித்துவிட்டு வீட்டில் சொல்லாதீர்கள்.) கப்பல் கூலி, சுங்கம் தனி. அதோடு 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்தது. தனியாள் நாலு டயர் வரவழைப்பது அதற்குப் பிறகு தலைவலி. மிஷெலினுக்கு நம் திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையிலேயே ஆலை இருக்கிறது. அங்கே பல வருஷம் வந்தது லாரி, பஸ் டயர்; இந்தப் பழைய முகவெட்டு டயர் வருவதில்லை. ஹெரால்டுக்காரன் வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டியதுதான்.

அடுத்து புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு. ஹெரால்டின் டெயில் லைட் கண்ணாடிகூட அங்கே கிடைத்துவிடும். "ஒரிஜினல் பழைய ஸ்டாக் சார், ரோடையே பார்க்காத டயர்" என்று ஒரு கிராஸ்பிளையை உருட்டிக்கொண்டு வருவார்கள். கண்காட்சியில் நிறுத்த மட்டும் என்றால் வாங்கலாம். ரோட்டைப் பார்க்காத நாற்பது வயது டயரை ரோட்டுக்குக் காட்டாமல் இருப்பதே நல்லது.

என்னைக் காப்பாற்றியது மாருதி. ஆல்டோ கே10க்குப் போடும் 145/80 ஆர்13 (ஆர் என்றால் ரேடியல், இன்றைய கார்களின் டயர் வகை) என்ற அளவு எங்கள் 5.20-13க்குப் பக்கத்து வீடு. இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர்களுக்கே பிற்பாடு 145 ரேடியல்தான் போட்டார்கள். கணக்குப் பார்ப்போம்: 145 மில்லிமீட்டரில் எண்பது சதவீதம் 116, மேலும் கீழுமாக 232, ரிம் 330. மொத்த உயரம் 562 மில்லிமீட்டர். பழைய டயர் ஏறக்குறைய 580. வித்தியாசம் மூன்று சதவீதம். வண்டி ஐம்பத்தெட்டில் போகும்போது முள் அறுபது காட்டும். சித்தப்பா இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 155/80 போட்டால் உயரம் இன்னும் நெருங்கி வரும். ஆனால் ஹெரால்டின் ரிம் அகலம் மூன்றரை அங்குலம்தான். 155க்குக் குறைந்தது நாலு அங்குலம் வேண்டும். சின்னச் செருப்பில் பெரிய காலைத் திணித்த மாதிரி டயர் பிதுங்கும். 145 போதும். நல்ல உள்நாட்டுக் கம்பெனி டயரே மூவாயிரத்தைச் சுற்றித்தான் விலை; 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யும் 28இலிருந்து 18க்கு இறங்கியது. ஐந்தும் வாங்கிவிட வேண்டும். ஸ்டெப்னிக்கும் வயதாகிறது என்பதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். முன்னால் ரேடியல், பின்னால் பழைய கிராஸ்பிளை என்று கலப்பது மட்டும் ஆகவே ஆகாது. ஹெரால்டின் பின்பக்கம் ஏற்கெனவே வளைவில் ஆக்சிலேட்டரை விட்டால் காலை மடக்கும் சுபாவம் உள்ளது. முன்னால் பிடிப்பும் பின்னால் வழுக்கலுமாக இருந்தால் வண்டி திரும்பி நின்று நம்மையே பார்க்கும்.

பையனுக்குக் கடைசியில் சொன்னேன்: "ஆல்டோ கே10னு போட்டுக்கோ." டேப்லெட் உடனே உயிர் பெற்றது.

"டியூப்லெஸ்தான் சார், டியூப் வேணாம்ல?"

வேண்டும். அந்தக் காலத்து ரிம்மில், டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு கிடையாது. காற்று குறைந்த நேரத்தில் வளைத்து ஒடித்தால் டயர் ரிம்மை விட்டு நழுவும். ரேடியலுக்கென்று உள்ள டியூப் கேட்டேன். கடையில் இருந்த பெரியவர் ஒருவர், பஞ்சர் கடையிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர், அதுவரை பேசாமல் இருந்தவர், எழுந்து வந்தார். புது டயரின் உள்பக்கம் ஒட்டியிருந்த காகித லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்தார். "இது டியூபை அறுத்துடும் சார்" என்றார். ரிம்மின் உள்வட்டத்தில் துணியை ஓட்டி, துரு உதிர்ந்த இடத்தில் உப்புத்தாள் போட்டார். பவுடரைக் கையில் கொட்டி டியூபில் தடவி, லேசாகக் காத்து விட்டு உள்ளே மடித்து, வால்வை ஓட்டையில் நேராக உட்கார வைத்து இரண்டு தட்டு. இயந்திரம் இருந்தும் கடைசி விளிம்பை லீவராலேயே ஏற்றினார். பையன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"அம்பத்தூர்ல டன்லப் ஸ்டாப்னு கண்டக்டர் கத்துவாரே, அங்கதாண்ணே எங்க வீடு" என்றான் அவன் பெரியவரிடம். அவர் சிரித்தார். அந்த டன்லப் என்னவாக இருந்தது என்று அவனுக்கு அவர் சொன்னாரா, தெரியவில்லை.

மறுநாள் காலை ஐந்தரைக்கு வண்டியை எடுத்தேன். லஸ் வரை காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். தடக்கும் இல்லை, தொப்பும் இல்லை. நிறுத்தித் திருப்பும்போது மட்டும் ஸ்டீயரிங் முன்னைவிடக் கனத்தது. ரேடியலுக்கு அது இயல்பு.

பழைய டயரில் நாலைக் கடையிலேயே விட்டுவிட்டேன். அன்றென்றால் அவை செருப்பாகும், ஊஞ்சலாகும், பையன்கள் குச்சியால் தட்டி ஓட்டும் வண்டியாகும். கடைசியில் போகிக்கு எரியும். இப்போது போகிக்கு முன்பே டயர் எரிக்காதீர்கள் என்று அறிவிப்பு வந்துவிடுகிறது. ஐந்தாவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சித்தப்பா காலத்து ஸ்டெப்னி, 5.20-13 என்ற எழுத்து இன்னும் படிக்க முடிகிற ஒரே டயர். மொட்டை மாடியில் சாய்த்து வைத்திருந்தேன்.

மழை முடிந்த வாரம் மாநகராட்சியிலிருந்து கொசுப் புழு பார்க்க ஒரு அம்மா வந்தார். தொட்டி, பூந்தொட்டித் தட்டு, ஃபிரிட்ஜின் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு மாடிக்கு ஏறினார். டயருக்குள் டார்ச் அடித்தார். உள்ளே அரை அங்குலத் தண்ணீர்; அதில் நெளிந்துகொண்டிருந்தன.

"யாரு சார் இதை இங்க வச்சது?" என்று கேட்டுக்கொண்டே கவிழ்த்துக் கொட்டினார். "நாளைக்கு வருவேன். இது இருக்கக் கூடாது."