மலைநாட்டில் மின்கலம் ஏன் சீக்கிரம் தீர்கிறது?

லுணுகலையில் கைத்தொலைபேசி சும்மா கிடந்தாலும் சார்ஜ் இறங்கும். மலைமறைவில் சிக்னல் குறையும்போது, கோபுரத்தைத் தேடவும் அதனோடு தொடர்பைப் பேணவும் தொலைபேசி கூடுதல் சக்தியைச் செலவழிக்கிறது. அதனால், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலோரத்தில் அதை வையுங்கள். அறவே கிடைக்காத பஸ் பயணத்தில் ஃபிளைட் மோடுக்கு மாற்றுங்கள்.

லிதியம் அயன் மின்கலத்துக்கு வெப்பம் பகை. அடுப்படியிலும் தலையணைக்கு அடியிலும் வைத்துச் சார்ஜ் பண்ணாதீர்கள். வழமையான நாட்களில் 20க்கும் 80க்கும் இடைப்பட்ட வீதத்தில் வைத்திருந்தால் மின்கலம் நீண்டகாலம் உழைக்கும்.

மழையும் காற்றும் பலத்தால் மட்டும் முழுதாக நிரப்பிவிடுங்கள். 2022 மார்ச் இறுதியில் 13 மணிநேர மின்வெட்டையும் கண்டவர்கள் நாம். அப்படியோர் இரவில் மண் சரிந்தால் 117க்கும், வாப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் 1990 அம்புலன்ஸுக்கும் அழைக்க, மிஞ்சிய 5 வீதமே கைகொடுக்கும். அதை வீடியோவில் கரைத்துவிடாதீர்கள்.