வீடு தேடி வந்த வில்லங்கச் சான்று

கிழக்குக் கடற்கரைச் சாலையில், மாமல்லபுரத்திற்கு வடக்கே அமைந்த கடலோர ஊர் நெம்மேலி. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013ஆம் ஆண்டு இங்குத் தொடங்கப்பட்டபின் ஊரின் பெயர் எங்கும் அறிமுகமாயிற்று. சாலையும் சுற்றுலாவும் வளர வளர, நிலத்தின் மதிப்பும் உயர்ந்தது. மதிப்பு உயரும் இடத்தில், ஒரே மனையை இருவருக்கு விற்பதும் அடமானத்தை மறைத்து விற்பதுமாகிய ஏமாற்றுகளுக்கும் இடமுண்டு. ஆகவே, மனை வாங்குவோர் முன்பணம் கொடுக்குமுன் பட்டாவையும் வில்லங்கச் சான்றையும் பார்த்தாக வேண்டும். முன்னது நிலம் யார் பெயரில் உள்ளது என்பதைக் காட்டும். பின்னது அதன்மீது பதிவான விற்பனை, அடமானம் முதலியவற்றைக் காட்டும்.

தமிழ்நாட்டுப் பதிவுத்துறையில் 2000ஆம் ஆண்டையொட்டி 'ஸ்டார்' திட்டத்தின்கீழ்க் கணினிகள் நுழைந்தன. மென்பொருளும் தரவும் அந்தந்தச் சார்பதிவாளர் அலுவலகக் கணினியிலேயே தங்கின. மேசைக்கணினி மென்பொருளின் இயல்பு இதுதான். கையெழுத்து ஏடுகளைப் புரட்டுவதைவிட இது மேல் என்பதில் ஐயமில்லை. எனினும், மென்பொருளில் சிறு திருத்தம் செய்தாலும் அதனை ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியே நிறுவ வேண்டும். படியெடுத்து வைக்காத நிலையில் வன்தட்டு பழுதானால், தரவும் அதனோடு போகும். தமிழுக்கு இன்னொரு தொல்லையும் இருந்தது: ஓர் எழுத்துருவில் தட்டச்சு செய்தது, அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும்.

2018 பிப்ரவரியில் 'ஸ்டார் 2.0' என்னும் இணையவழி மென்பொருள் நடைமுறைக்கு வந்தது. இதில் மென்பொருளும் தரவும் மைய வழங்கியில் இருக்கும். பயனர்க்குத் தேவை இணைய இணைப்பும் உலாவியும் மட்டுமே. வழங்கியில் ஒருமுறை திருத்தினால் எல்லா அலுவலகத்திற்கும் அது பொருந்தும். ஒருங்குறியில் அமைந்த தமிழ் எக்கருவியிலும் தமிழாகவே தெரியும். துபாயில் பணிபுரியும் ஒருவர் நெம்மேலி மனையின் வில்லங்கத்தை அங்கிருந்தே பார்க்கலாம். வருவாய்த்துறையின் 'தமிழ்நிலம்' மென்பொருளோடு இது இணைக்கப்பட்டதால், பத்திரம் பதிவானவுடன் பட்டா மாறுதலுக்கான விண்ணப்பம் தானே வட்டாட்சியர் அலுவலகத்தைச் சென்றடைகிறது. தனித்தனிக் கணினிகளால் இது எளிதில் இயன்றிராது.

ஆயினும் இணைப்பு அறுந்தால் இம்மென்பொருள் பயன்படாது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னைக் கடற்கரையைத் தாக்கியபோது மின்சாரமும் தொலைத்தொடர்பும் தடைபட்டன. அத்தகைய நாளில் மேசைக்கணினி மென்பொருள் மின்னாக்கி ஒன்றின் துணையோடு இயங்கிவிடும். மேலும், கணினியில் ஏற்றப்படாத பழைய ஆண்டுகளின் பதிவுகளைத் தேடச் சார்பதிவாளர் அலுவலக ஏடுகளையே நாட வேண்டும்.