கசிவறிந்து காத்தல்

நீரிற் செல்லும் ஊர்திகளுக்கு நீரே பகை என்று நினைத்தல் இயல்பு. ஓடம் கவிழ்தலும், ஓட்டை வழியே நீர் புகுதலும் யாவரும் அறிந்த இடர்கள். ஆயின், பெட்ரோலால் இயங்கும் படகிற்கு நீரினும் நெருப்பே கொடிய பகையாகும். அப்பகைக்கு வழி திறந்து விடுவது, கண்ணுக்கு எளிதிற் புலனாகாத ஒரு சிறு கசிவே. பழைய இயந்திரப் படகுகளில் இக்கசிவு எங்ஙனம் தோன்றுகிறது, அதனைக் கண்டு நீக்குவது எங்ஙனம் என்பவற்றை இங்கே காண்போம்.

செருமானியப் பொறிஞராகிய காட்லீப் டெய்ம்லர் 1886 ஆம் ஆண்டில் நெக்கர் ஆற்றில் ஒரு சிறு படகினைப் பெட்ரோல் இயந்திரத்தால் செலுத்திக் காட்டினார். பெட்ரோல் வெடித்துவிடும் என மக்கள் அஞ்சினர் என்றும், அவ்வச்சம் நீங்குதற்பொருட்டு, படகு மின்னாற்றலால் ஓடுவது போலத் தோன்றுமாறு கம்பிகளைப் பூட்டி வைத்தார் என்றும் கூறுவர். மக்கள் கொண்ட அச்சம் வீணன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1940 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மோட்டார் படகுச் சட்டம், இத்தகைய படகுகளின் அடிப்பகுதியிற் காற்றோட்டமும், படகிலே தீயணைப்புக் கருவியும் இருத்தல் வேண்டும் என விதித்தது.

பெட்ரோலின் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். உறைநிலைக்கு 40 பாகை கீழான குளிரிலும் அது தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடும். அவ்வாவி காற்றைக் காட்டிலும் மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலின் மேலெழாது தாழ்ந்த இடத்தையே நாடும். காற்றும் ஆவியும் கலந்த நூறு பங்கில், ஆவி ஏறத்தாழ 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை இருப்பின், ஒரு சிறு பொறியே அதனை வெடிக்கச் செய்யப் போதும். காரிலிருந்து கசியும் பெட்ரோல் தரையில் விழுகிறது. அதன் ஆவி காற்றிற் கலந்து போகிறது. படகோ நீர் புகாதவாறு அமைந்த ஒரு கிண்ணம். நீரை உள்ளே விடாத அக்கிண்ணம், ஆவியை வெளியே விடுவதும் இல்லை.

படகு முதுமை எய்துந்தோறும் கசிவுக்கு வழிகள் பெருகுகின்றன. ரப்பர்க் குழாய்கள் இறுகி வெடிக்கின்றன. செப்புக் குழாய்கள் இயந்திரத்தின் இடையறாத அதிர்வினால் விறைத்துக் கீறல் விடுகின்றன. அலுமினியத் தொட்டியின் அடியில் ஈரம் தங்கினால், அவ்விடம் அரித்துத் துளைபடுகிறது. இக்காலத்துப் பெட்ரோலிற் கலக்கப்பெறும் எத்தனால், அக்கலப்பிற்கென ஆக்கப்படாத பழைய குழாய்களையும் கண்ணாடியிழைத் தொட்டிகளையும் இளகச் செய்கிறது.

கசிவைத் தேடுமுன் செய்ய வேண்டியவை சில உள. நெடி மிகுந்திருப்பின் முதலில் எல்லோரும் கரையேறுதல் வேண்டும். புகையும் சுடரும் அணுகலாகா. எந்த மின்விசையையும் தொடலாகாது. விசையை நிறுத்தும்போதும் பொறி எழக்கூடும். மூடிகளையெல்லாம் திறந்து, காற்று நெடுநேரம் உலாவ விடுதல் வேண்டும். அடியில் தேங்கிய பெட்ரோலை மின்பம்பினால் இறைப்பது பெருந்தீங்கு. அது தீக்கும் வழியாகும், நீரையும் நஞ்சாக்கும். உறிஞ்சும் பொருள்களால் ஒற்றியெடுத்து, அவற்றைக் கரையிலே திறந்தவெளியில் வைத்தல் வேண்டும்.

இனித் தேடும் முறையைக் காண்போம். கசிவு எப்பொழுது நிகழ்கிறது என்பதே அது நிகழும் இடத்தைக் காட்டும் முதற்குறி. தொட்டி நிறைந்தபோது மட்டும் நெடி எழுமாயின், நிரப்பும் குழாயையும், ஆவிபோக்கும் குழாயையும், தொட்டியின் மேற்புறத்து இணைப்புகளையும் ஐயுறுக. இயந்திரம் ஓடும்போது மட்டும் எழுமாயின், பம்பிற்கும் கார்புரேட்டருக்கும் இடைப்பட்ட பகுதியை ஆராய்க. ஓடினும் நிற்பினும் கசிவு ஓயாதாயின், தொட்டியின் அடிப்புறமே ஐயத்திற்குரியது. தொட்டிக்கும் பம்பிற்கும் இடையில் உள்ள குழாயோ வேறு தன்மையுடையது. இயந்திரம் ஓடும்போது பம்பு அதனை உறிஞ்சுவதால், பெட்ரோல் வெளியே சொட்டாது காற்று உள்ளே புகும், இயந்திரம் திணறும்.

பின்னர், தொட்டியின் வாய் முதல் கார்புரேட்டர் வரை ஒவ்வோர் இணைப்பையும் முறையே தூய வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தல் வேண்டும். பெட்ரோல் உலர்ந்த இடத்தில் பழுப்புக் கறை படிந்திருக்கும். மூக்கை மட்டும் நம்புதல் தகாது. நெடியிலேயே இருப்பார்க்கு அது விரைவில் உணர்வறும். தொட்டியை ஐயுற்றால், வினைவல்லார் அதன் வாய்களை அடைத்து, சதுர அங்குலத்திற்கு 3 பவுண்டுக்கு மிகாத காற்றழுத்தம் ஏற்றி, இணைப்புகளிற் சோப்பு நீர் தடவுவர். குமிழி எழும் இடமே கசிவிடம்.

கண்ட கசிவைப் பசை பூசி மறைத்தல் மருத்துவம் ஆகாது. வெடித்த குழாயை அறவே நீக்கி, படகிற்கென ஆக்கப்பெற்ற புதுக்குழாயை இடுதல் வேண்டும். நிரப்பும் குழாயின் ஒவ்வொரு முனையிலும் துருவேறா எஃகினாலாகிய இரண்டு பிடிவளையங்கள் பூட்டுதல் நன்று. காரின் உறுப்புகள் விலை மலிந்தன என்று அவற்றைப் படகிற் பொருத்தலாகாது. அவை பொறி வெளிப்படாதவாறு காக்கப்பட்டவை அல்ல. அரித்த தொட்டியை மாற்றுவதே முறை. வெறுந்தொட்டிதானே என்று அதன்மேல் பற்றவைக்கும் சுடரைக் காட்டுதல் உயிருக்கே கேடு. நீர்மம் ஒழிந்த தொட்டியிலும் ஆவி ஒழிவதில்லை.

பழுது நீங்கிய பின்னும் சோதனை வேண்டும். பெட்ரோல் நிரப்பும்போது பயணிகள் இறங்கி நிற்க. மூடிகள் அடைத்திருக்க. நிரப்பிய பின் அவற்றைத் திறந்து, அடியிலே நெடியின்மையை அறிந்து, காற்றை வெளியேற்றும் விசிறியை நான்கு நிமிடமேனும் ஓட்டி, அதன் பின்னரே இயந்திரத்தை இயக்குக. அது ஓடும்போது புதிய இணைப்புகளை மீண்டும் நோக்குக.

சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்குச் சொல்லும் பழமொழி. படகின் அடியிலோ, சிறு துளி பெருநெருப்பு ஆகும். பழுதைச் சீர்செய்தல் வல்லுநர் கடமை. ஆயின், நெடியை உணர்ந்தவுடன் வாளாவிராது, படகோட்டியிடம் உரைத்தல் சிறுவர்க்கும் இயலும். அவ்வொரு சொல் பல உயிர்களைக் காக்க வல்லது.