இடுப்பு வலிக்காரரே, ஒற்றைக் காலில் நின்று பாருங்கள்!



தோட்ட ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்ததும், "ஐயா, இடுப்பு புடிச்சுக்கிச்சு" என்று ஒருவராவது நிற்காத நாள் இல்லை. குலை அறுக்கிறவர், குலை சுமக்கிறவர், உரம் போடுகிற பெண்கள், பால்மரம் சீவுகிறவர் எல்லோருக்கும் இது வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி. வந்தால் லேசில் போகாது. தைலம் தேய்க்கிறோம், மாத்திரை போடுகிறோம். வலி கொஞ்சம் குறைந்ததும் மறுநாள் பெரட்டுக்குப் போய்விடுகிறோம்.

இன்றைக்கு உங்களிடம் வேறு ஒன்று கேட்கிறேன். வலி குறைந்தது சரி, காலில் பலம் இருக்குதா?

இதைக் கேட்கும் புத்தி எனக்கே ஒரு தவறு செய்த பிறகுதான் வந்தது. சில வருஷங்களுக்கு முன் குலை அறுக்கும் தொழிலாளி ஒருவர், இடுப்பிலிருந்து வலது கால் வரைக்கும் இழுக்கிறது என்று வந்தார். வருகிறபோதெல்லாம் "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டு மருந்து கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, "வலி இல்லைங்க ஐயா, காலுதான் கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு" என்றார். நானும் சந்தோஷமாக வேலைக்கு அனுப்பி வைத்தேன். பத்து நாளில் மேட்டில் குலையோடு ஏறும்போது கால் ஊன்ற முடியாமல் விழுந்தார். முழங்கைக் காயத்துக்குக் கட்டுப் போட வந்தவரை ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கச் சொன்னேன். இடது குதிகால் எழும்பியது. வலது குதிகால் தரையை விட்டு அசையவே இல்லை. இரண்டு மாதமாக வலியை மட்டும் கேட்டேனே தவிர, காலைப் பார்க்கவில்லை. அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன்.

இடுப்புக்கும் கெண்டைக்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நம் இடுப்பில் 5 முதுகெலும்புகள். எலும்புக்கு எலும்பு நடுவே மெத்தை மாதிரி ஒரு தட்டு இருக்கிறது. அது பிதுங்கி நரம்பை அழுத்துவதால்தான் கால் வரைக்கும் வலி இழுக்கிறது என்பதை 1934-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து டாக்டர்கள் மிக்ஸ்டரும் பாரும் எழுதி விளக்கினார்கள். கடைசித் தட்டு பிதுங்கினால் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது, தொடையின் பின்பக்கமாக இறங்கி ஆடுசதைக்கும் சுண்டு விரல் பக்கத்துக்கும் போகிற நரம்பு. லைட்டு நன்றாக இருந்தும் வயர் பழுதானால் வெளிச்சம் மங்குகிறது அல்லவா? அதே கதைதான். நரம்பு பழுதானால் சதைக்குப் பலம் போய்ச் சேராது. சில சமயம் வலி அடங்கிப்போய், பலக் குறைவு மட்டும் பின்னால் நின்றுவிடும்.

ஆடுசதை லேசுப்பட்டது இல்லை. நம் முழு உடம்பையும் தூக்குகிற சதை அது. டாக்டர் கையால் பாதத்தை அழுத்திப் பார்த்தால், பாதி பலம் போன கால்கூட அவர் கையை ஜெயித்துவிடும். அதனால் அந்தக் காலை அளக்க நம் உடம்பு எடைதான் சரியான படிக்கல்.

வீட்டிலேயே அளக்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். விழாமல் இருக்க விரல் நுனி மட்டும் சுவரில் படட்டும், சாயக் கூடாது. நல்ல காலை முதலில் பாருங்கள். மற்றக் காலை மடக்கிக்கொண்டு, நிற்கிற காலின் முட்டியை நேராக வைத்து, குதிகாலை முடிந்த மட்டும் உயர்த்தி இறக்குங்கள். இரண்டு வினாடிக்கு ஒரு தடவை போதும். முட்டி மடங்கினாலோ, குதிகால் பாதி உயரம்தான் எழும்பினாலோ அதோடு எண்ணிக்கை முடிந்தது. கொஞ்சம் ஓய்வெடுத்து வலிக்கிற காலையும் அப்படியே பாருங்கள்.

நல்ல ஆரோக்கியமான ஆளுக்கு 25 தடவை என்பது ஒரு கணக்கு. வயதானால் குறையும், அதற்குப் பயப்பட வேண்டாம். இரண்டு காலுக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். ஒரு கால் 20, மற்றது 6 என்றால் சும்மா விடாதீர்கள். வலியால் நிறுத்தினீர்களா, பலம் இல்லாமல் நின்றுபோனதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றில்லை.

தையல்காரர் டேப் இருந்தால் கெண்டைக்காலின் பருத்த இடத்தைச் சுற்றியும் அளந்து பாருங்கள். இரண்டு காலிலும் முட்டியிலிருந்து ஒரே தூரத்தில் அளக்க வேண்டும். சின்ன வித்தியாசம் எல்லோருக்கும் உண்டு. 2 சென்டிமீட்டருக்கு மேல் போனாலோ, மாதாமாதம் இளைத்துக்கொண்டே வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். குதிகாலில் மட்டும் நடந்து பார்ப்பதும் நல்லது. பாதம் தொங்கினால் அதற்கு மேலே உள்ள நரம்பு மாட்டியிருக்கலாம்.

வாரத்துக்கு ஒரு தடவை, ஒரே நேரத்தில் பார்த்து, பிள்ளையின் பழைய நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். எண்ணிக்கை ஏறினால் நல்ல சேதி. பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் ஆப்பரேஷன் இல்லாமலே வலி குறைந்துவிடும். அதுவரை பாயிலேயே படுத்துக் கிடக்காதீர்கள். தாங்குகிற அளவு நடங்கள். எண்ணிக்கை இறங்கினால் அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். "வலிக்குது" என்பதை ஒருவர் நம்பலாம், நம்பாமலும் போகலாம். "போன மாசம் 18, இந்த மாசம் 7" என்பதை யாரும் தட்டிக் கழிக்க முடியாது.

இவற்றுக்கு மட்டும் நோட்டும் வேண்டாம், காத்திருக்கவும் வேண்டாம். ஒன்றுக்குப் போக முடியாமல் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமலே போய்விட்டாலோ, உட்காரும் இடம் மரத்துப்போனாலோ, இரண்டு காலும் பலமிழந்தாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பொழுது விடியட்டும் என்று இருக்காதீர்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். உருவி விடவே கூடாது, உடனே காட்ட வேண்டும்.

வேலையில் குலை தூக்கும்போது இடுப்பு பிடித்தால் அன்றைக்கே சொல்லிப் பதிவு பண்ணுங்கள். பெர்கேசோவில் கேட்கப் போகும்போது அந்தப் பதிவுதான் பேசும். 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. பக்கத்து லயத்துத் தோழருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.

என் கைக்கு வந்த அந்தத் தொழிலாளிக்கு இப்போது வலது காலில் 11 வருகிறது. முன்னே மாதிரி இல்லை. இரண்டு மாதம் முன்னாடியே நான் பார்த்திருந்தால் இன்னும் கூடுதலாக வந்திருக்குமோ என்று நினைக்காத நாள் இல்லை. நீங்கள் அந்த இரண்டு மாதத்தை இழக்காதீர்கள். இன்று சாயங்காலம் குளிக்கப் போகும் முன்னே சுவரோரம் நின்று எண்ணிப் பாருங்கள்.